பின்தங்கிய மாவட்டம், மாநிலத்தில் மூன்றாம் இடம்: இரண்டும் எப்படி ஒரே ராமநாதபுரம்?

2018 ஜனவரியில் மத்திய அரசு வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கியெடுத்து, 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் இருந்து அதில் இடம்பெற்றவை இரண்டு: ராமநாதபுரம், விருதுநகர். 2024 மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்தன. அரியலூர், சிவகங்கைக்கு அடுத்து மாநிலத்திலேயே மூன்றாவதாக நின்றது அதே ராமநாதபுரம். தேர்ச்சி 96.36 சதவீதம்.

இதில் எது பொய் என்ற கேள்வி ஒவ்வொரு ரிசல்ட் நாளிலும் கிளம்புகிறது. பட்டியல் அரசியல் என்பார் ஒருவர், ரிசல்ட் ஜோடனை என்பார் இன்னொருவர். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும் என்பது சிக்கலாகத் தோன்றினாலும், ஓர் எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் அவ்வளவு சிக்கல் இல்லை. கல்வி ஆய்வு, உளவியல் ஆய்வு எல்லாவற்றிலும் கோளாறு நுழையும் வாசல்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இந்தக் கடற்கரையில் இருந்தே பார்க்கலாம்.

முதலில் மீன்பெட்டி

பாம்பன் பக்கம் ஒரு ஏலக்கூடத்தில் நண்டுப் பெட்டி ஒன்றை நிறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிலேயே மூன்று அடிப்படைச் சொற்களும் இருக்கின்றன.

1. நம்பகத்தன்மை: அதே பெட்டியைப் பத்துத் தடவை வைத்தாலும் தராசு அதே எடையைக் காட்டுகிறதா? காட்டினால் நம்பகமான தராசு. சரியான தராசா என்பது வேறு கேள்வி.

2. ஏற்புடைமை: பி.எட். பாடநூல்களில் வரும் சொல். தராசு துல்லியமாகவே இருக்கிறது, ஆனால் பெட்டிக்குள் ஐஸும் தண்ணீரும் கிடக்கின்றன. எடை சரி, நண்டின் எடை தப்பு. அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்பதே ஏற்புடைமை.

3. சாய்வு: மேலே பெரிய நண்டாக அடுக்கி அடியில் பொடியைப் போட்டிருந்தால், மேலே இருந்து எத்தனை எடுத்துப் பார்த்தாலும் பெட்டி முழுக்கப் பெரிய நண்டு என்றே தோன்றும். தவறு எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால் அது சாய்வு.

மூன்றாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். தற்செயல் பிழை அளக்க அளக்க ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். சாய்வு குறையாது. எப்போதும் 200 கிராம் கூடக் காட்டும் தராசில் நூறு பெட்டி நிறுத்தாலும் ஒவ்வொன்றிலும் அந்த 200 கிராம் இருக்கும். ஆகவே 'லட்சக்கணக்கானோரிடம் எடுத்த ஆய்வு' என்ற தலைப்பைப் பார்த்து மட்டும் நம்பிவிட வேண்டியதில்லை.

வாசல் ஒன்று: யார் வீட்டில் இருந்தார்கள்?

வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் டோக்கன் வாங்கிப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இப்போது ஓர் ஆய்வுக் குழு, 'மீனவத் தந்தையர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்' என்று கேட்கப் புதன்கிழமை மாலை வருகிறது. விசைப்படகில் போனவர் கடலில் இருக்கிறார். வீட்டில் இருப்பவர் யார்? உடம்பு முடியாதவர், வேலை கிடைக்காதவர், படகு இலங்கையில் பிடிபட்டுக் கிடப்பவர், நாட்டுப்படகுக்காரர். இவர்களிடம் எடுத்த பதிலைக் 'கடலோரத் தந்தையரின் மனநிலை' என்று எழுதினால் பெட்டியின் ஒரு மூலையை மட்டும் கிளறியதாகும்.

சரி, எல்லோரும் கரையில் இருக்கும்போது வரலாமே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசும் இருக்காது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரம் வேறு. அப்போது 'பிள்ளையை மேலே படிக்க வைப்பீர்களா' என்று கேட்டால் வரும் பதிலும், ஆகஸ்டில் நல்ல பாடு, அதாவது நிறைய மீன், கிடைத்த வாரத்தில் வரும் பதிலும் ஒன்றாக இருக்காது. இரண்டுமே உண்மையான பதில்கள். எந்த நாளில் கேட்டது என்று அறிக்கையில் எழுதாவிட்டால்தான் தப்பு.

கல்வித் தரம் பற்றிச் செய்தியில் அடிபடும் இரண்டு பெரிய கணக்கெடுப்புகளும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் 'ஏசர்' வீட்டுக்கு வருகிறது. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையும் அதில் அகப்படும். மத்திய அரசின் தேசிய அடைவு ஆய்வு பள்ளிக்கு வருகிறது. 2021 நவம்பர் 12 அன்று ஒரே நாளில் சுமார் 34 லட்சம் மாணவர்கள் அதை எழுதினார்கள். அன்று வகுப்பில் இல்லாத பிள்ளை அதில் இல்லை.

அப்படியானால் ஏசர் மேல் என்றாகிவிடாது. அது கிராமப்புறத்துக்கு மட்டுமான ஆய்வு. ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள், மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள். நம் கரையில் ஜனம் நெருக்கமாக வாழும் இடங்கள் வரிசையாக வெளியே போய்விடுகின்றன. எண்ணிக்கையும் ஒரு பிரச்சினை. 600 வீட்டிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்காது. நூறு பிள்ளைகளைச் சோதித்து 50 சதவீதம் என்று வந்தால், தற்செயல் பிழை மட்டுமே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுமார் 10 புள்ளி. போன தடவை 46, இந்தத் தடவை 52 என்றால் துள்ளவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

உளவியலில் இதே கதைக்கு ஏர்வாடியைச் சொல்லலாம். தர்காவுக்கு மனநோய் தீர வேண்டி வெளிமாவட்டம், வெளிமாநிலம் எல்லாம் தாண்டி வருகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்த பிறகு நாடே அந்தப் பெயரை அறிந்தது. அந்த ஊரில் தலையெண்ணி 'இந்தக் கரையில் மனநோய் அதிகம்' என்று சொன்னால், பேருந்து நிலையத்தில் எண்ணிவிட்டு ஊரில் பயணிகள்தான் அதிகம் என்பது போலாகும். அங்கே நீண்ட நாள் தங்கியிருப்பவர்களை மட்டும் பார்த்து 'இந்த நோய் குணமாவதே இல்லை' என்று முடிவுகட்டுவதும் அதே தப்பு. குணமானவர் ஊருக்குப் போயிருப்பார்.

உலக அளவிலும் இதுதான் நிலை. 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் அமெரிக்காவின் முக்கியமான உளவியல் இதழ்களை அலசினார். ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய, தொழில்மயமான நாட்டுக்காரர்கள். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம்தான். அந்த முடிவுகள்தாம் 'குழந்தையின் மனம்' என்ற பொதுப் பெயரில் நம் ஆசிரியர் பயிற்சிப் பாடங்களுக்கும் வந்து சேர்கின்றன.

வாசல் இரண்டு: கேள்வி எதை அளந்தது?

இருப்பதிலேயே பெரிய வாசல் இது. ஐஸோடு சேர்த்து நிறுக்கும் வேலை இங்கேதான் நடக்கிறது.

மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்பது வழக்கமான எல்லை. அதில் ஒரு கேள்வி தூக்கத்தைப் பற்றி, ஒன்று உடல் அசதி பற்றி, ஒன்று பசி பற்றி.

இதைப் பாம்பன் தீவில் கடற்பாசி எடுக்கும் பெண்ணிடம் நீட்டுங்கள். விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டுக் கடலுக்குள் இறங்குபவர். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழுகிறவர். தூக்கம் கெடுகிறதா? தினமும். அசதியா? தினமும். சாப்பாடு சரியாக இறங்குகிறதா? இல்லை. மூன்று மூன்றாக ஒன்பது வந்துவிட்டது. மனதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, எல்லைக்கு ஒரு மதிப்பெண்தான் பாக்கி. வேலையின் களைப்பை நோயின் குறியாக எண்ணிவிட்டோம். இன்னொரு பக்கம், உண்மையிலேயே மனம் ஒடிந்தவர் 'சோகமாக உணர்கிறீர்களா' என்ற மொழிபெயர்ப்புக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, 'நெஞ்சு படபடன்னு வருது, தலை கிறுகிறுங்குது' என்று வேறெங்கோ சொல்லுவார். அது எந்தக் கட்டத்திலும் விழாது. இந்த வினாத்தாள் முதல்கட்டச் சல்லடைதான். அதற்குப் பின் ஒரு மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். சல்லடையில் நின்றதையே நோயாளிகளின் எண்ணிக்கையாகச் செய்தி போடுவதில்தான் வில்லங்கம்.

கணக்குப் பாடத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் உண்டு. 1985இல் பிரேசிலின் ரெசிஃபி நகரில், தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து சிறுவர்களை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். தேங்காய் விற்ற 12 வயதுப் பையனிடம் போய், ஒன்று 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டார்கள். 'மூன்று 105, இன்னும் மூன்று 210...' என்று அடுக்கிக்கொண்டே போய் 350 என்றான். தெருவில் கேட்ட கணக்குகளில் அந்தச் சிறுவர்கள் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம். தேங்காய்க்கு 4 × 35 சரியாகச் சொன்ன பையன் தாளில் 200 என்று எழுதினான்.

சந்தைக் கணக்குத்தான் நிஜ அறிவு, பள்ளிக் கணக்கு வீண் என்று உடனே கிளம்பிவிட வேண்டாம். 2025இல் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்டோரின் ஆய்வு ஒன்று வந்தது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகள். வியாபாரத்தில் மனக்கணக்குப் போடுபவர்கள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக் கணக்கில் கெட்டியான பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆக, தாளில் எடுக்கும் தேர்வு 'கணக்குத் திறன்' என்ற ஒன்றை அளப்பதில்லை. அதன் ஒரு முகத்தை அளக்கிறது. அம்மாவுடன் மீன் கூறு போட்டு விற்று, சில்லறை சரியாகக் கொடுக்கும் தங்கச்சிமடத்துப் பிள்ளை வகுத்தல் கணக்கில் முட்டை வாங்கினால், இரண்டு தகவலையும் எழுத வேண்டும்.

மொழியிலும் இது உண்டு. கீழக்கரையில் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள். வெளியூரில் இருந்து வந்த சோதகர் ஆறு வயதுப் பிள்ளையிடம் 'காக்கா எங்கே இருக்கும்?' என்று கேட்டு, 'துபாய்ல' என்று பதில் வந்தால் தவறு என்று குறிப்பாரா, சிரித்துவிட்டுக் கேள்வியை மாற்றுவாரா? பெரும்பாலான வினாத்தாள்களில் சிரிக்க இடம் இல்லை.

'இரண்டு மிட்டாய்ச் சோதனை' ரொம்பப் பிரபலம். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் தொடங்கியது. இப்போதே ஒரு மிட்டாய், அல்லது நான் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டு. பொறுத்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று 1990இல் எழுதினார்கள். பொறுமையே வெற்றி என்று மேடைதோறும் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். 2018இல் 900க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குழந்தைகளிடம் பார்த்தபோது தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு அதைவிடச் சுவாரசியம். சோதனைக்கு முன் குழந்தையிடம் ஒரு வாக்கு கொடுத்து, ஒரு சாராருக்குக் காப்பாற்றினார்கள், மறு சாராருக்குத் தவறவிட்டார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். 28 குழந்தைகள்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் சோதனை அளப்பது பொறுமையை மட்டுமா, பெரியவர்களின் வாக்கின் மேல் உள்ள நம்பிக்கையையுமா என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டது. நாளைய பாடு நாளைக்குத்தான் தெரியும் என்ற வீட்டில் வளரும் பிள்ளை கையில் இருப்பதைத் தின்பது அறிவுக் குறைவு என்று எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இதே வாதத்தை அளவுக்கு மீறியும் இழுக்கலாம். 'பிசா 2009' சர்வதேசத் தேர்வில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 74 இடங்களில் தமிழ்நாடு 72. கேள்விகள் நம் சமூகச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றுகளில் இருந்து ஒதுங்கியது. பொருந்தாத கேள்விகள் மதிப்பெண்ணைக் கொஞ்சம் இழுத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தமிழிலேயே, வீட்டுத் திண்ணையிலேயே, இரண்டாம் வகுப்புக் கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் ஏசரிலும் மேல்வகுப்புப் பிள்ளைகள் பலர் திணறுகிறார்கள். தராசைக் குறை சொல்வது எளிது, பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

வாசல் மூன்று: பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்

கையில் அட்டையும் பேனாவுமாக ஒருவர் தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் வரும் கேள்வி, 'யாரு தம்பி, நிவாரணத்துக்கா எழுதுறீக?' அந்த நொடியில் இருந்து வருமானம் குறையும், கடன் கூடும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மருமகளிடம் 'பிள்ளையை அடிப்பீர்களா' என்று கேட்டால் 'சேச்சே' என்ற பதில்தான் வரும். கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் இந்தச் சாய்வுக்கு மருந்து சில உண்டு: தனியாகக் கேட்பது, உள்ளூர்க்காரர் அல்லாத ஒருவர் கேட்பது, சில சமயம் நேர்மாறாக உள்ளூர்க்காரரே கேட்பது. எது எங்கே வேலை செய்யும் என்பது ஊரைப் பொறுத்தது.

ஆய்வாளரே அறியாமல் பதிலைக் காட்டிக்கொடுப்பதும் நடக்கும். ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் போட்டுக் காலால் தட்டிக் காட்டியது. கேட்பவரின் தலை லேசாக அசையும் இடத்தில் அது தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்தார். பிள்ளை எழுத்தை வாசிக்கும்போது உதட்டைக் குவித்துக் காத்திருக்கும் ஆசிரியரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பிறகு, எண்ணின் மேல் ஏற்றும் சுமை. ஓர் எண்ணை வைத்து ஆட்களைத் தட்டிக்கொடுக்கவோ தண்டிக்கவோ தொடங்கினால் அந்த எண்ணே கெடும் என்று அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பல் 1970களில் எச்சரித்தார். தேர்ச்சி சதவீதத்துக்காகத் தலைமையாசிரியர் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தால், 30 மதிப்பெண் பிள்ளையை 35க்கு ஏற்றுவதில் எல்லா உழைப்பும் போகும். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் 60ஐ 80 ஆக்குவது அந்த எண்ணில் தெரியாது, ஆகவே நடக்கவும் நடக்காது.

வாசல் நான்கு: 'எங்கள் திட்டத்தால்தான்'

ஒரு படகுக்கு இன்று வரலாறு காணாத பாடு. நாளை குறையும். ஓட்டுநர் சோம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. உச்சிக்கு அடுத்தது பெரும்பாலும் சராசரிப் பக்கம்தான் திரும்பும். அடிமட்டமும் அப்படியே. இதற்குச் 'சராசரி நோக்கிய பின்னடைவு' என்று பெயர், 19ஆம் நூற்றாண்டிலேயே கால்டன் கண்டு சொன்னது.

முன்னேற விழையும் மாவட்டங்களுக்கு நிதி ஆயோக் மாதந்தோறும் போடும் 'டெல்டா' தரவரிசை, நிலையை விட்டுவிட்டு மாற்றத்தை அளக்கிறது. போன தடவை தற்செயலாகக் கீழே விழுந்த மாவட்டம் இந்தத் தடவை ஒன்றும் செய்யாமலே ஏறும். ஏறிய மாதத்தில் நடந்த திட்டத்துக்குப் பாராட்டு விழும். மிக மோசமான பத்துப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் கழித்து மறுதேர்வு வைத்தால் முன்னேற்றம் கிட்டத்தட்ட உறுதி. அதே அளவு மோசமான, பயிற்சி கொடுக்காத பத்துப் பள்ளிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை அது யாருடைய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

இதன் இன்னொரு வடிவம் மேடைப் பேச்சில் வரும். ராமேஸ்வரத்தில் பிறந்து, சிறுவயதில் பேப்பர் போட்டு, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து அப்துல் கலாம் குடியரசுத் தலைவர் ஆனார். ஆகவே வறுமை ஒரு தடையே இல்லை என்று முடிப்பார்கள். அதே தீவில் அதே காலத்தில் அதே உழைப்போடு படித்து, பத்தாவதோடு நின்றுபோனவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. அவர்களையும் எண்ணினால்தான் வறுமை தடையா இல்லையா என்று தெரியும்.

வாசல் ஐந்து: அச்சில் ஏறாதவை

விளைவு தெரிந்த ஆய்வு இதழில் வரும், தெரியாதது மேசை இழுப்பறையில் தூங்கும். 2015இல் உளவியல் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, ஏற்கெனவே வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 சதவீதம் விளைவு உண்டு என்றவை. மறுமுறை தேறியது 36 சதவீதம். தம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே தொழிலாளர் வேகமாக வேலை செய்வார்கள் என்று எல்லாப் பாடநூலிலும் வரும் ஹாதார்ன் தொழிற்சாலைக் கதையும் தப்பவில்லை. பழைய விளக்கொளிச் சோதனைத் தரவுகளைத் தேடியெடுத்து 2011இல் அலசியபோது, சொல்லப்பட்ட அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. சாய்வைப் பற்றிய பாடத்திலேயே சாய்வு.

இனி அந்த 96.36

இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு தொடக்கப் புதிருக்குத் திரும்பலாம்.

1. பட்டியலும் ரிசல்ட்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. பட்டியலில் உள்ள மாவட்டங்களை மதிப்பிடும் தரவரிசை உடல்நலம், கல்வி, விவசாயம், நீர்வளம், வங்கிச் சேவை, அடிப்படை வசதி எல்லாம் கலந்த கலவை. கல்விக்கு அதில் 30 சதவீத எடைதான். அந்தக் கல்விக்குள்ளும் கழிப்பறை, குடிநீர், மின்சாரம், பெண்களின் எழுத்தறிவு என்று பல உண்டு. ஒரு பள்ளியில் குடிநீர்க் குழாய் இல்லாமலும் பிள்ளைகள் பாஸாகலாம்.

2. தேர்ச்சி என்பது 35 என்ற ஒரு கோடு. 36ம் 96ம் அதில் ஒன்றுதான். சராசரி மதிப்பெண்ணில் மாவட்டங்களை அடுக்கினால் வரிசை இதேபோல் இருக்கும் என்று சொல்ல வழியில்லை.

3. அரியலூர் 97.31, சிவகங்கை 97.02, ராமநாதபுரம் 96.36. முதல் மூன்றுக்கும் நடுவே ஒரு புள்ளி இடைவெளிகூட இல்லை. இடம் என்பது பெரிதாகத் தெரிகிறது, வித்தியாசம் சிறிது.

4. முக்கியமானது வகுக்கும் எண். தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் என்பதே சதவீதம். எட்டாவதில் நின்று படகேறிய மூக்கையூர்ப் பையன், ஒன்பதாவதில் நிறுத்தப்பட்ட தேவிபட்டினத்துப் பெண், இருவரும் அந்த எண்ணுக்குள் இல்லை. ஹால் டிக்கெட் வாங்கிவிட்டுத் தேர்வுக்கு வராதவரும் இல்லை.

நான்காவதைச் சரிசெய்யப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. 2024 மார்ச்சில் பத்தாவது எழுதியவர்கள் பெரும்பாலும் 2014 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் ஓர் அடையாள எண், இருக்கிறது. தொண்டியில் இருந்து சாயல்குடி வரை கடலோரப் பள்ளிகளில் அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்களின் பெயர்ப்பட்டியலை எடுத்து, வேறு பள்ளிக்கோ ஊருக்கோ மாறியவர்களைத் தனியே குறித்து, மீதியில் எத்தனை பேர் பத்து வருடம் கழித்துத் தேர்வு அறையில் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் போதும். 96.36க்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் அச்சிடலாம்.